இழுப்பு நோயும் கார்ட்டிசோனும்

உண்ணாமல் சில நாள் இருக்கலாம். உறங்காமல் சில இரவு கழிக்கலாம். மூச்சு விடாமல் சில நிமிடத்துக்கு மேல் இருத்தல் எவர்க்கும் இயலாது. அதனாலன்றோ நம் முன்னோர் மூச்சை 'உயிர்ப்பு' என்றனர்! அந்த உயிர்ப்பே தடைப்படும் நோயை ஈளை என்றும், இளைப்பு என்றும், இழுப்பு என்றும் தமிழர் வழங்கினர். நாம் வந்து குடியேறிய இவ்வடநாட்டில் அதனைத் 'தமா' என்பர். 'தம்' என்னும் பாரசீகச் சொல்லுக்கும் மூச்சு என்பதே பொருள். 'ஆஸ்துமா' என்னும் கிரேக்கச் சொல்லோ மூச்சிரைப்பைக் குறிப்பது. பெயர் பலவாயினும் துயர் ஒன்றே.

தில்லியில் வாழும் நமக்கு இத்துயர் அயலானதன்று. ஐப்பசியில் வெடிப்புகையும், பக்கத்து மாநிலங்களில் எரிக்கும் நெல்தாளின் புகையும் வந்து கூடுகின்றன. அதன்பின் பனி, பனி விலகுமுன் பூந்தாது, அதன்பின் கோடைப் புழுதி. நம் குடியிருப்பில் இழுப்பு நோயாளர் இல்லாத மாடிப்படி ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே.

சென்ற ஆண்டு விழாவுக்குக் கோலாட்ட ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மேடையின் பின்புறம் சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டாள். தோள்கள் ஏறி இறங்கின. பேச முயன்றால் ஒரு சொல்லுக்குமேல் வரவில்லை. கையிலிருந்த தணிப்பு மருந்தைப் பலமுறை இழுத்தும் பயனில்லை. மருத்துவமனையில் பிராணவாயு வைத்து, ஊசி போட்டு, மறுநாள் மாலையில்தான் அவள் இயல்பாக மூச்சுவிட்டாள். நாள்தோறும் காலையும் மாலையும் இழுக்கவேண்டுமென்று மருத்துவர் கொடுத்திருந்த தடுப்பு மருந்து வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாமலே இருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. 'அது ஸ்டீராய்டாமே, மாமா! குழந்தையின் எலும்பை அரித்துவிடுமாமே! பழகிவிட்டால் விடவே விடாதாமே!' என்று அத்தாய் கண்ணீருடன் எம்மிடம் கேட்டார்.

அவ்வச்சத்தை நாம் நகைத்துத் தள்ளவில்லை. எம் தந்தையார் இதே நோயால் வருந்தியவர். ஒருவர் கொடுத்த பொட்டலப் பொடியை அவர் எட்டாண்டுக் காலம் உண்டார். எவர் கொடுத்தார் என்பது இங்கு வேண்டா. உண்ட சில மணி நேரத்தில் இழுப்பு நிற்கும்; வீட்டார் அதனை அமுதமென்றே கருதினோம். நாளடைவில் தந்தையாரின் முகம் முழுமதிபோல் உருண்டது, தோல் காகிதம்போல் மெலிந்தது, நீரிழிவு வந்தது, ஒருநாள் வாசற்படியில் இடறியதற்கே இடுப்பெலும்பு முறிந்தது. அப்பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கவேண்டும் என்று அறுவை மருத்துவர் கூறியபோதுதான் எமக்கு உண்மை விளங்கியது.

ஆகவே, அஞ்சவும் காரணம் உண்டு. அஞ்சி மருந்தை ஒதுக்கியதனால் ஒரு குழந்தை உயிரிழக்க இருந்ததும் உண்டு. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திக் காண்பது? அதற்கு இம்மருந்து வந்த வழியை அறிதல் வேண்டும்.

ஊமத்தைப் புகை

இழுப்பு வரும்போது மூச்சுக்குழல்களில் நிகழ்வன மூன்று. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகும். குழலின் உட்புறத் தோல் அழன்று வீங்கும். கெட்டியான சளி சுரந்து அடைக்கும். நெடுங்காலம் மருத்துவ உலகம் பெரிதும் முதலாவதையே பகையாகக் கருதிப் போராடியது.

அப்போரில் நம் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு. ஊமத்தை நம் ஊர்க் குப்பைமேடுகளில் தானே முளைப்பது; சிவபெருமானுக்கு உகந்ததாகச் சூட்டப்பெறுவது. அதன் புகையை இழுத்தால் மூச்சிரைப்புத் தணியும் என்பதை நம் நாட்டார் அறிந்திருந்தனர். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் தோட்டம் அமைத்துச் செடியாராய்ச்சி செய்தவர். அவர் கையாண்ட இம்முறையை ஜெனரல் ஜென்ட் என்பார் 1802-ஆம் ஆண்டளவில் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊமத்தை இனச் செடிகளின் இலையைச் சுருட்டி 'ஆஸ்துமா சிகரெட்டு' என்று விற்றனர்.

ஊமத்தையில் உள்ள பொருள் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். வீக்கத்தையோ அது தொடாது. மேலும் அது கொடிய நஞ்சு. அளவு சிறிது மிகின் அறிவு மயங்கும், உயிரும் போகும். இன்று அதனை எவரும் வீட்டில் முயலல் ஆகாது.

சுரப்பியின் இரு பகுதிகள்

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒரு சிறு சுரப்பி உண்டு. அதன் பெயர் அட்ரினல். அது கெட்டால் மனிதன் மெலிந்து, கறுத்து, சோர்ந்து மடிவான் என்பதை இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் நூலாக எழுதி வெளிப்படுத்தினார். ஓர் உறுப்பின் அருமை அது கெட்டபோது தெரிந்தது.

அச்சுரப்பியின் உள்நடுவில் சுரப்பதைப் பளிங்குப்பொருளாக 1901-இல் பிரித்தெடுத்தார் ஜப்பானியரான ஜோகிச்சி தக்காமினே. அதுவே அட்ரினலின். 1903-இல் அதனை ஊசி வழியே ஆஸ்துமா நோயாளருக்குச் செலுத்தியபோது சில நிமிடங்களில் மூச்சு எளிதாயிற்று. ஆயினும், அதன் ஆற்றல் சில நாழிகைக்கே. தசை தளரும், மீண்டும் இறுகும். உள்ளே அழற்சி அப்படியே இருக்கும்.

சுரப்பியின் மேற்புறப் பகுதியைப் பற்றி அப்போது எவரும் பெரிதாக எண்ணவில்லை. அப்பகுதிக்குக் 'கார்ட்டெக்ஸ்' என்று பெயர். இலத்தீனில் மரப்பட்டை என்று பொருள். பட்டையில்தான் மருந்து இருந்தது!

1948 செப்டம்பர் 21

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் மூட்டுவாத நோயாளரைக் கவனித்துவந்தார். 1929-இல் ஒரு நோயாளருக்குக் காமாலை வந்தது. வந்தவுடன் மூட்டுவலி நீங்கிற்று! கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே வலி தணியக் கண்டார். உடல் தானே சுரக்கும் ஏதோ ஒன்று இவ்விந்தையைச் செய்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

அதே மருத்துவமனையில் எட்வர்டு கெண்டல் என்னும் வேதியியலார் அட்ரினலின் புறப்பகுதியிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, அவற்றுக்கு ஏ, பி என வரிசையாக எழுத்துக்களைப் பெயராக இட்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். பின்னர் உலகப்போர் மூண்டது. ஜெர்மானிய விமானிகள் இச்சுரப்பியின் சாற்றை ஏற்றிக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்றொரு வதந்தி பரவியது. வதந்தி பொய், ஆயினும், அமெரிக்க அரசு இவ்வாராய்ச்சியை ஊக்க அது போதுமானதாயிற்று. 1944-இல் மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டின் பித்தநீர்ப் பொருளிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து 'ஈ' என்னும் பொருளை ஆக்கினார்.

1948 செப்டம்பர் 21 அன்று, மூட்டுவாதத்தால் படுக்கையில் புரளவும் இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு அப்பொருளை ஹென்ச் குழுவினர் ஊசியாகப் போட்டனர். சில நாளில் அப்பெண் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்தில் கடைவீதிக்குச் சென்று வந்தாள். அப்பொருளே கார்ட்டிசோன். கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

களிப்பும் கலக்கமும்

மூட்டின் அழற்சியை அடக்குவது மூச்சுக்குழலின் அழற்சியை அடக்காதா? 1949-இலும் 1950-இலும் ஆஸ்துமா நோயாளருக்குக் கார்ட்டிசோனையும், அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனையும் கொடுத்துப் பார்த்தனர். அட்ரினலினுக்கும் அசையாத இழுப்பு அடங்கிற்று. ஆனால், விலை? 1949-இல் ஒரு கிராம் 200 டாலர். மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ஹார்மோன் செய்யும் வழியை ரஸ்ஸல் மார்க்கர் காட்டியிருந்தார். 1952-இல் அப்ஜான் நிறுவனத்து ஆய்வாளர் அதனோடு பூஞ்சைக் காளானைச் சேர்த்துக் கடினமான ஒரு படியை எளிதாக்கினர். நம் வள்ளிக்கிழங்கின் உறவினமும் பழைய ரொட்டியில் பூக்கும் பூஞ்சையின் உறவினமும் சேர்ந்து விலையைக் கீழே இறக்கின எனலாம். 1955-இல் கார்ட்டிசோனினும் வலிய பிரெட்னிசோன் மாத்திரை வந்தது.

களிப்பு நீடிக்கவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை உண்டவர்க்கு முகம் உருண்டது, எலும்பு நொறுங்கியது, நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் தோன்றின, குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. உள்ளே உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொண்டது. யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைக் கண்ட சுரப்பி தன் தொழிலை மறந்து சுருங்கிவிடும். அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது, உயிரே போகலாம். எம் தந்தையாரை வருத்திய தீங்குகள் யாவும் 1950-களிலேயே மருத்துவ ஏடுகளில் எழுதப்பெற்றவை. நம் தாய்மார் நெஞ்சில் இன்றும் நிற்கும் அச்சத்தின் பிறப்பிடம் இதுவே.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1956-இல் முறையான சோதனை முடிவை வெளியிட்டது. கடும் இழுப்பில் கார்ட்டிசோன் பயன் தருகிறது. நாட்பட்ட ஆஸ்துமாவில் அதனால் நிலைத்த நன்மை தோன்றவில்லை என்றது அது. பலர் அத்துடன் ஆராய்ச்சியைக் கைவிட்டனர். ஹாரி மாரோ பிரவுன் என்னும் மருத்துவர் மட்டும் நோயாளரின் சளியை நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஈசினோபில் என்னும் அணுக்கள் நிறைந்த சளியை உடையவர்க்கு மருந்து வேலை செய்தது. அவை இல்லாதவர்க்கு வேலை செய்யவில்லை. இரு வகையாரையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதனாலேயே முன்னைய சோதனை குழம்பிற்று! இதனை அவர் 1958-இல் வெளியிட்டார். நம் வீட்டு இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஈசினோபில்' என்று காண்கிறோமே, அந்த அணுவே இது.

கைக்குள் அடங்கிய கருவி

மருந்து நல்லது, அது உடல் முழுதும் பரவுவது தீது. மூச்சுக்குழலுக்கு மட்டும் அதனை அனுப்ப இயலுமா? விடையின் ஒரு பாதி ஒரு சிறுமியிடமிருந்து வந்தது. ரைக்கர் ஆய்வகத்தின் தலைவரான ஜார்ஜ் மெய்சனின் பதின்மூன்று வயது மகள் ஆஸ்துமா நோயாளி. 'தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான்போல என் மருந்தையும் ஏன் செய்யக்கூடாது?' என்று 1955-இல் அவள் தந்தையைக் கேட்டாள். 1956-இல் உலகின் முதல் அளவிட்ட தெளிப்பு இன்ஹேலர் கடைக்கு வந்தது.

அதில் அடைத்தவை முதலில் தசையைத் தளர்த்தும் மருந்துகளே. அவை உடனே சுகம் தந்தமையால் மக்கள் அவற்றையே நம்பினர். 1960-களில் பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர், அவர்களுள்ளும் இளையோர், தொகை திடீரென உயர்ந்தது. வலிமை மிக்க ஐசோபிரினலின் தெளிப்பான்களை அளவின்றி இழுத்தது அதனோடு தொடர்புடையதென ஆய்வாளர் ஐயுற்றனர். தசை தளர்ந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணி மருத்துவரை நாடக் காலம் தாழ்த்தினர். உள்ளே வீக்கமோ முற்றிக்கொண்டிருந்தது. நம் விழா மேடையின் பின்னே நாம் கண்டதும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

மற்றைப் பாதி விடை தோல் களிம்பிலிருந்து வந்தது. தோலின்மேல் பூசினால் அவ்விடத்தில் மட்டும் வேலை செய்யும் ஸ்டீராய்டுகளைக் கிளாக்சோ நிறுவனத்தார் ஆக்கியிருந்தனர். மூச்சுக்குழலின் உட்புறமும் ஒருவகைத் தோல்தானே என்று எண்ணினார் அதன் ஆய்வுத் துறையின் டேவிட் ஜாக். பெக்ளோமெத்தசோன் என்னும் அம்மருந்தைத் தெளிப்பானில் அடைத்தனர். அதனைத் தக்க நோயாளரைத் தேர்ந்து கொடுத்துப் பார்த்தவர், சளியை நுண்பெருக்கியில் கண்ட அதே மாரோ பிரவுன்! மாத்திரையை விடமுடியாதிருந்தவர் பலர் அதனை விட்டனர். அம்முடிவு 1972-இல் வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் உருண்டிருந்த முகங்கள் மெல்ல இயல்பு நிலைக்குத் திரும்பின.

ஒரு சிறு கணக்கு

வீட்டுக் கணக்கு எழுதும் நம் தாய்மார்க்கு இது எளிதில் விளங்கும். கடும் இழுப்பில் பெரியவர்க்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். அதாவது 40,000 மைக்ரோகிராம். மூச்சுவழியே இழுக்கும் தடுப்பு மருந்தோ பெரும்பாலும் நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். நூற்றில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு! இரண்டும் ஒரே மருந்தல்ல, வலிமையும் வேறு. ஆயினும், உடலெங்கும் பரவும் வெள்ளத்துக்கும் வேரில் வார்க்கும் செம்பு நீருக்கும் உள்ள வேற்றுமை இதனால் புலப்படும். இன்று வழங்கும் பியூடெசொனைடு போன்றவற்றில் தப்பித்தவறி விழுங்கியதன் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடுகிறது.

தீங்கே இல்லையோ எனில், உண்மையை மறைத்தல் ஆகாது. வாயில் வெண்படலமும் குரல் கம்முதலும் வரலாம்; மருந்திழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவை பெரிதும் குறையும். பல ஆண்டு பயன்படுத்திய குழந்தைகள் வளர்ந்தபின் உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்திருந்ததை அமெரிக்க ஆய்வொன்று 2012-இல் காட்டியது. அளவு மிகுந்தால் தீங்கும் மிகும்; ஆகவே, அடக்கத் தேவையான மிகக் குறைந்த அளவே தக்கது. ஒரு சென்டிமீட்டரையும் மேடையின் பின்னே கண்ட அத்தோள்களின் தவிப்பையும் இருதட்டில் வைத்துப் பார்ப்பது பெற்றோர் கடன்.

தட்டின் மறுபக்கத்தில் வைக்க வேறு சான்றுகளும் உள. பின்லாந்தில் 103 புதிய நோயாளரை இரண்டாண்டு கவனித்து 1991-இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்திலேயே தடுப்பு மருந்து பெற்றவர், தணிப்பு மருந்து மட்டும் பெற்றவரினும் நலமாக இருந்தமையைக் காட்டியது. கனடாவில் 2000-இல் வெளிவந்த ஆய்வு, ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு தடுப்பு மருந்துக் குப்பிக்கும் ஆஸ்துமா மரணம் 21 விழுக்காடு குறைந்ததெனக் கணக்கிட்டது. 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, வளர்ந்தோர்க்கும் பதின்வயதினர்க்கும் தணிப்பு மருந்தை மட்டும் தனியே கொடுத்துவரும் பழைய முறையைக் கைவிடச் சொல்லிற்று.

நம் குடியிருப்புக்கு

தணிப்பு மருந்து ஐந்து நிமிடத்தில் தன் புகழைத் தானே பாடிக்கொள்ளும். தடுப்பு மருந்து பேசாது. அதனை இழுத்த அன்று ஒன்றும் தெரியாது. பல வாரங்களில், வராமற்போன இழுப்பே அதன் பயன். அதனால்தான் 'குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று நிறுத்திவிடுகிறோம். பழகிவிட்டால் விடாது என்பதும் தவறான எண்ணம். நிறுத்தியபின் திரும்புவது மருந்தின் மேல் வேட்கையன்று, அடங்கியிருந்த நோயே.

சில சொல்லி முடிப்போம். மருத்துவர் குறித்த தடுப்பு மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. நெடுநாள் உண்ட மாத்திரையைத் திடீரென விடவே கூடாது. தணிப்பு மருந்து அடிக்கடி வேண்டியதாயின் அது எச்சரிக்கை மணி. உள்ளிருப்பது யாதெனத் தெரியாத பொட்டலப் பொடி எத்துணை விரைவாகச் சுகம் தருகிறதோ, அத்துணை ஐயத்துக்குரியது. சிறுவர்க்கு இன்ஹேலரை ஸ்பேசர் என்னும் குடுவையுடன் கொடுத்தலே தக்கது. அதனை வாங்க இயலாதார்க்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் துளையிட்டுச் செய்ததும் பயன்படும் என்று தென்னாப்பிரிக்கக் குழந்தை மருத்துவர் 1999-இல் காட்டினர். நம் தில்லியிலேயே பட்டேல் நெஞ்சுநோய் நிலையம் 1953-இல் திறக்கப்பெற்றது, ஆர். விசுவநாதன் அதன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்தார். நெஞ்சு நோய்க்கென்றே அமைந்த அத்தகைய இடம் அருகில் இருக்க, அண்டை வீட்டார் சொல்லை மட்டும் கேட்டு மருந்தை அலமாரியில் பூட்டுவது முறையாகுமா?

எம் தந்தையார் காலத்தில் அவர் ஊரில் இன்ஹேலர் பற்றி அவர்க்குச் சொல்வார் இல்லை. இன்று நமக்குச் சொல்வார் உளர். சென்ற ஆண்டு மேடையேற இயலாத சிறுமி பதினொரு மாதமாகத் தடுப்பு மருந்தை முறையாக இழுத்துவருகிறாள். ஐப்பசிப் புகையில் ஒருமுறை மட்டும் இருமினாள். பள்ளிக்கு ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. இவ்வாண்டுக் கோலாட்டத்தில் முன்வரிசையில் இடப்புறமாக இரண்டாவதாக நிற்பவள் அவளே. அன்பர்கள் கண்டு வாழ்த்துவார்களாக. நம் குடியிருப்பில் எல்லாருடைய உயிர்ப்பும் இனிதாகுக!